லிமிட் ஹோல்டெம்: நல்ல கை வந்தால் வரவேண்டியதை முழுதாக வாங்குவது எப்படி

ரம்மி ஆடிப் பழகிய நம்மவர்கள் போக்கர் மேசைக்கு வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். கை நன்றாக வந்துவிட்டால் முகத்தை இறுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் இருந்து, கடைசியில் ஒரேயடியாக விரித்துக் காட்டுவது. ரம்மிக்கு அது சரி. பெட்டின் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட போக்கர் வகையான லிமிட் ஹோல்டெமில் அப்படிச் சத்தமில்லாமல் இருக்கும் ஒவ்வொரு சுற்றும் உங்களுக்கு நஷ்டம். ஏன் என்று புரிய, முதலில் பெட் கட்டும் முறையைப் பார்த்துவிடுவோம். ஆட்டத்தின் அடிப்படை விதிகளும் எந்தக் கை எதை வெல்லும் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கலிஃபோர்னியாவின் சீட்டாட்டக் கூடங்களில் பரவலாக நடக்கும் 4-8 டாலர் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரீஃப்ளாப் (கையில் இரண்டு சீட்டு மட்டும்), ஃப்ளாப் (நடுவில் மூன்று பொதுச் சீட்டு) இரண்டு சுற்றிலும் பெட் 4 டாலர். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இரண்டிலும் 8 டாலர். ரெய்ஸ் செய்தாலும் அதே அளவில்தான் ஏற்ற முடியும். பொதுவாக ஒரு சுற்றில் ஒரு பெட், மூன்று ரெய்ஸ். அதற்கு மேல் போகாது. நான்கு ரெய்ஸ் அனுமதிக்கும் கூடங்களும் உண்டு, இருவர் மட்டும் மிஞ்சிவிட்டால் வரம்பே இல்லாத கூடங்களும் உண்டு. உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டுக்கு வரம்பில்லாத நோ லிமிட்டில் ஃப்ளாப்பில் பதுங்கியிருந்துவிட்டு ரிவரில் மொத்தச் சிப்பையும் தள்ளி ஈடுகட்டலாம். இங்கே அந்த வழி கிடையாது. ஃப்ளாப்பில் விட்ட 4 டாலர் விட்டதுதான். ஒரு சுற்றுக்கு மூன்று ரெய்ஸ் என்ற கணக்கில், ஒரே எதிராளியிடமிருந்து ஒரு ஆட்டத்தில் வாங்கக்கூடிய அதிகபட்சமே 16, 16, 32, 32 என்று 96 டாலர்தான். நடைமுறையில் அதில் பாதிகூட வராது. மணிக்கு ஒரு பெரிய பெட் லாபம் பார்த்தால் அவர் தேர்ந்த ஆட்டக்காரர் என்று கூடங்களில் நெடுநாளாகச் சொல்வார்கள். 4-8 மேசையில் அது 8 டாலர். அப்படியென்றால், ரிவரில் கட்டியிருக்க வேண்டிய ஒரு பெட்டைக் கட்டாமல் விடுவது ஒரு மணி நேர உழைப்பைக் கைகழுவுவதற்குச் சமம்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டது. திறமை ஆட்டம் என்ற வாதம் அங்கே எடுபடாது. வீட்டில் நண்பர்களோடு புள்ளிக்கு ஆடிப் பழகுங்கள். கீழே உள்ள கணக்கெல்லாம் புள்ளிக்கும் பொருந்தும்.

முதல் படி: இரண்டு சீட்டிலேயே ஏற்றுங்கள்

இரண்டு ஏஸ், இரண்டு கிங், இரண்டு குயின், இரண்டு ஜாக், இரண்டு 10, ஏஸ்-கிங், ஏஸ்-குயின். இவை வந்தால் ரெய்ஸ். உங்களுக்கு முன் நான்கு பேர் 4 டாலர் போட்டு உள்ளே வந்திருந்தாலும் ரெய்ஸ்தான்.

"ஏற்றினால் எல்லாரும் ஓடிவிடுவார்களே" என்பார்கள். சின்ன மேசைகளில் யாரும் ஓடுவதில்லை. 4 டாலர் ஏற்கெனவே போட்டவர் இன்னொரு 4 போடாமல் இருக்கமாட்டார். அதைவிட அடிக்கடி கேட்கும் புகார் இதற்கு நேர் எதிரானது: "ஆறு பேர் உள்ளே இருந்தால் இரண்டு ஏஸ் தோற்றுவிடும், ஏன் பணத்தைக் கூட்ட வேண்டும்?" தோற்கும்தான். எதிரில் ஐந்து பேர் ஏதோ ஒரு சீட்டோடு கடைசிவரை நின்றால் இரண்டு ஏஸ் வெல்வது ஏறத்தாழ 49 சதவீதம். ஆனால் ஆறு பேரும் ஆளுக்கு 4 டாலர் கூடுதலாகப் போட்டால் 24 டாலர் சேர்கிறது. அதில் உங்கள் பங்கு சராசரியாகப் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு, நீங்கள் போட்டது 4. பாதி முறை தோற்றும் ஒவ்வொரு ரெய்ஸிலும் ஏழெட்டு டாலர் லாபம். தோற்கும் எண்ணிக்கையைப் பார்த்து மனம் நொந்துபோகிறவர்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது.

இதில் ஒரு சுவாரஸ்யமான சங்கதி உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2015-இல் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை நடைமுறையில் தீர்த்தேவிட்டது. செஃபியஸ் என்ற அவர்களுடைய நிரல், முதலில் பேசும் இடத்தில் இருக்கும்போது வெறுமனே கால் செய்து (அடுத்தவர் பெட்டுக்குச் சமமாக மட்டும் போட்டு) உள்ளே வருவது 0.06 சதவீதம்தான். ஒன்று ரெய்ஸ், இல்லையென்றால் ஃபோல்ட் (சீட்டை விட்டுவிடுவது). ஆனால் அதே நிரல் டீலர் இடத்தில் இருந்து ப்ரீஃப்ளாப்பின் கடைசி ரெய்ஸைச் செய்வதும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இரண்டு ஏஸ் வந்தாலும் கால் செய்துவிட்டு ஃப்ளாப்புக்குப் போகும். பதுங்குவது தவறு என்று இவ்வளவு சொல்லிவிட்டு இதை மறைத்தால் நியாயமில்லை. எதிரில் இருப்பவர் பிழையே செய்யாதவர் என்று வைத்துக்கொண்டு, இருவர் ஆட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. உங்கள் மேசையில் ஒன்பது பேர் இருப்பார்கள், அதில் நால்வர் எந்தச் சீட்டு வந்தாலும் ஃப்ளாப் பார்க்க வந்தவர்கள். தயங்காமல் ஏற்றுங்கள்.

இரண்டாம் படி: ஃப்ளாப்பில் பெட் கட்டுபவர் எந்தப் பக்கம்?

உங்களிடம் இரண்டு 8. ஃப்ளாப்பில் கிங், 8, 5. கிங்கும் 5-உம் ஆர்ட்டின். மூன்று 8 அமைந்துவிட்டது. முன்னால் ஒருவர் 4 கட்டுகிறார், இருவர் கால். இங்கே யோசிக்க எதுவுமில்லை, ரெய்ஸ் செய்யுங்கள். ஆர்ட்டின் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருப்பவருக்கு ஒன்பது சீட்டு உதவும். ரிவருக்குள் அது வருவது சுமார் 35 சதவீதம். அவர் பணம் கொடுத்தே காத்திருக்கட்டும். அவர் கால் செய்வது பிழையில்லை என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கும் அவருக்கும் சேர்ந்து லாபம் தருகிறவர், கிங்கும் இல்லாமல் ஆர்ட்டினும் இல்லாமல் 5-ஐ வைத்துக்கொண்டு கூடவே வரும் மூன்றாமவர். பல பேர் உள்ளே இருக்கும் பாட்டில் (நடுவில் குவியும் பந்தயத் தொகையில்) பணம் பெரும்பாலும் இப்படிப்பட்டவரிடமிருந்துதான் வருகிறது.

அடுத்து இருக்கை. ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுகிறது; அதனால் உங்களுக்கு வலப்பக்கம் இருப்பவர் உங்களுக்கு முன்னால் பேசுவார். பெட் கட்டுபவர் வலப்பக்கத்திலேயே இருந்து நீங்கள் ரெய்ஸ் செய்தால், உங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரே மூச்சில் இரண்டு பெட் கொடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு ஜோடி மட்டும் என்றால் இது அருமையான இடம். பாட்டில் 40 டாலர், அவர் 4 கட்டுகிறார். நடுவில் ஒரு சீட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட் என்று காத்திருப்பவருக்கு நான்கு சீட்டுதான் உதவும். மிச்சம் 43 உதவாது. கிட்டத்தட்ட 11-க்கு 1. நீங்கள் வெறுமனே கால் செய்தால் அவருக்கு 4 டாலருக்கு 48 கிடைக்கும் வாய்ப்பு, அவர் வருவது நியாயம். ரெய்ஸ் செய்தால் 8 கொடுத்து 52-க்கு ஆட வேண்டும். வந்தால் அது அவருக்கு நஷ்டம், ஓடினாலும் உங்களுக்கு நல்லது.

பெட் கட்டுபவர் இடப்பக்கத்தில் இருந்தால் வேறு கதை. மூன்று 8 போன்ற பலமான கை, ப்ரீஃப்ளாப்பில் ஏற்றியவர் உங்களுக்கு அடுத்த இருக்கை. நீங்கள் செக் செய்யுங்கள் (எதுவும் கட்டாமல் விடுங்கள்). அவர் கட்டுவார், மற்றவர்கள் வரிசையாகக் கால் செய்வார்கள், சுற்றி உங்களிடம் வரும்போது ரெய்ஸ். ஏற்கெனவே ஒரு பெட் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் இன்னொன்றும் போடுவார்கள். ஆனால் அவர் கட்டுவார் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும். அவரும் செக் செய்துவிட்டால் எல்லாருக்கும் ஓசியில் ஒரு சீட்டு கொடுத்துவிட்டீர்கள், வந்திருக்க வேண்டிய பெட்டும் போயிற்று. சந்தேகம் இருந்தால் நீங்களே கட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: டர்ன் வரை காத்திருக்கலாமா?

டர்னில் பெட் இரட்டிப்பாகிறது. அதனால் "ஃப்ளாப்பில் கால், டர்னில் ரெய்ஸ்" என்ற உத்தி பலருக்குப் பிடித்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரில் ஒருவர் மட்டும், அவரே கட்டிக்கொண்டு வருகிறார்.

ஃப்ளாப்பிலேயே ரெய்ஸ் செய்து, பிறகு டர்னிலும் ரிவரிலும் நீங்கள் கட்ட, அவர் கால் செய்தால்: 8 + 8 + 8, மொத்தம் 24 டாலர்.

ஃப்ளாப்பில் கால் செய்து டர்னில் ரெய்ஸ், ரிவரில் பெட்: 4 + 16 + 8, மொத்தம் 28.

நான்கு டாலர் கூடுதல். ஆனால் டர்ன் ரெய்ஸைப் பார்த்து அவர் விட்டுவிட்டால் கிடைப்பது 12 மட்டும். ஃப்ளாப்பில் அவர் கட்டிவிட்டு டர்னில் பயந்து செக் செய்தால், அப்புறம் நீங்கள் இரண்டு சுற்றிலும் கட்டி 20. ஃப்ளாப் ரெய்ஸுக்கு அவர் திருப்பி ரெய்ஸ் செய்யும் வாய்ப்பும் போய்விடுகிறது. ஆக, விடாமல் கட்டுகிற, ஏற்றினாலும் விடாமல் கால் செய்கிற ஒற்றை எதிராளியிடம், ஃப்ளாஷுக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கோ இடமில்லாத போர்டில் (நடுவில் விரித்த பொதுச் சீட்டுகளில்) இது நல்ல உத்தி. மூன்று நான்கு பேர் உள்ளே இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். ஃப்ளாப்பிலேயே ஆளுக்கு 4 டாலராக வாங்குங்கள்.

முழுக்கப் பதுங்குவது எப்போது சரி? நீங்களே போர்டை முடக்கிவிட்டபோது. இரண்டு கிங் கையில் இருக்க ஃப்ளாப்பில் கிங், கிங், 4 வந்தால், கால் செய்ய யாரிடமும் எதுவும் இல்லை. ஒரு சீட்டு இலவசமாகக் கொடுங்கள், யாருக்காவது ஜோடியாவது அமையட்டும். வருடத்துக்கு எத்தனை முறை இப்படி வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ரிவர்

பணம் அதிகமாக வீணாகும் இடம் இதுதான். மூன்று சுற்று கட்டிக்கொண்டே வந்தவர், எதிராளி செக் செய்ததும் "போதும், காட்டிவிடலாம்" என்று தானும் செக் செய்வார். ஒரு ஜோடிதானே, எதற்கு வம்பு என்ற நினைப்பு.

நீங்கள் கடைசியாகப் பேசுகிறீர்கள், எதிராளி செக் செய்துவிட்டார். பாட்டில் 50 இருந்தாலும் 100 இருந்தாலும் இந்த முடிவுக்கு அது பொருட்டே இல்லை. நீங்கள் 8 கட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும்: அவர் விடுவார், கூடுதலாக எதுவும் வராது, போகாது; கால் செய்து தோற்பார், 8 வரும்; கால் செய்து வெல்வார், 8 போகும். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே: அவர் கால் செய்யும் நேரங்களில் பாதிக்கு மேல் நான் வெல்வேனா? "இந்தக் கை வெல்லுமா" என்பது வேறு கேள்வி. அவர் திருப்பி ரெய்ஸ் செய்யக்கூடியவர் என்றால் பாதியைவிட இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும்.

எண்ணிப் பார்க்கலாம். உங்களிடம் ஏஸ்-குயின். போர்டில் குயின், 9, 4, 7, 2. ஃப்ளாஷும் இல்லை, ஸ்ட்ரெய்ட்டும் அமையாது. எதிராளி கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டு வந்தவர். மிச்சம் இருக்கும் குயின் இரண்டு. கிங்-குயின் எட்டு வகையில் வரலாம், குயின்-ஜாக் எட்டு, குயின்-10 எட்டு, ஆக 24. ஏஸ்-9 ஒன்பது வகை. இரண்டு 10 ஆறு வகை, இரண்டு 8 ஆறு வகை. மொத்தம் 45 வகையான கைகள் உங்களிடம் தோற்றுக்கொண்டே கால் செய்யும். உங்களை வெல்பவை: குயின்-9 ஆறு, குயின்-7 ஆறு, பிறகு 9, 7, 4, 2 ஜோடிகளை வைத்து மூன்று அமைந்தவை தலா மூன்று, அதாவது 12. மொத்தம் 24. 45-க்கு 24! அதிலும் அந்த 24-இல் பெரும்பாலானவை முந்தின சுற்றிலேயே ரெய்ஸ் செய்திருக்கும். தயங்கவே வேண்டாத பெட் இது. இப்படி எண்ணுவது மேசையில் முடியாது என்று நினைக்காதீர்கள். வீட்டில் நான்கைந்து போர்டுக்கு எண்ணிப் பார்த்தால் போதும், மேசையில் தோராயமாகத் தெரியும்.

ரிவரில் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்துவிட்டது, எதிராளி செக். இங்கேயும் பெரும்பாலும் கட்டலாம். ஃப்ளாஷ் அமைந்தவருக்கு நீங்களும் செக் செய்துவிடுவீர்களோ என்ற பயம் இருக்கும், அதனால் அவரே முந்திக் கட்டுவார். செக் செய்தவரிடம் பொதுவாக இருப்பது ஒரு ஜோடி, அதோடு கொஞ்சம் நம்பிக்கை.

நீங்கள் முதலில் பேசும் இடம் என்றால் கொஞ்சம் குழப்பம்தான். கையில் ஜோடி வைத்துக்கொண்டு கால் செய்யக் காத்திருக்கும் ஆளிடம் நீங்களே கட்டுங்கள்; செக் செய்தால் அவரும் செக் செய்து இலவசமாகத் தப்பிவிடுவார். சீட்டு வராமல் போனால் பொய்யாகக் கட்டும் பழக்கம் உள்ளவரிடம் செக் செய்து, அவர் கட்டியதும் கால் செய்யுங்கள். இந்த இரண்டாவது வகை ஆட்கள் சின்ன மேசையில் குறைவு.

ஐந்தாம் படி: திருப்பி ரெய்ஸ் வந்தால்

ஒவ்வொரு ரெய்ஸுக்கும் தரத்தை ஒரு படி கூட்டுங்கள். அவர் கட்டும் கைகளில் பாதிக்கு மேல் வென்றால் நீங்கள் ரெய்ஸ் செய்யலாம். அவர் ரெய்ஸ் செய்யும் கைகளில் பாதிக்கு மேல் வென்றால்தான் மறுபடி ரெய்ஸ். குயினே பெரிய சீட்டாக இருந்து, ஜோடியோ ஃப்ளாஷோ ஸ்ட்ரெய்ட்டோ அமையாத போர்டில் மூன்று குயின் வைத்திருந்தால் வரம்புவரை ஏற்றுங்கள். அதை வெல்லக் கை ஏதும் இல்லை. ஜோடி விழாத, ஸ்ட்ரெய்ட் ஃப்ளாஷுக்கு இடமில்லாத போர்டில் ஏஸ் வைத்த ஃப்ளாஷுக்கும் அப்படியே. குயின் வைத்த ஃப்ளாஷ் என்றால் கட்டுங்கள், ரெய்ஸ் வந்தால் கால் செய்து நிறுத்துங்கள்.

ஒரு ஜோடியோடு கட்டி ரெய்ஸ் வாங்கினால்? பாட்டில் 60 இருக்க நீங்கள் 8 கட்டி, அவர் 16 ஆக்கினால், 84 டாலருக்காக நீங்கள் இன்னும் 8 கொடுக்க வேண்டும். 12-இல் ஒரு முறை வென்றால் ஏறத்தாழ நஷ்டமில்லை. முன்பின் தெரியாத ஆள் என்றால் கொடுத்துப் பார்த்துவிடலாம். மூன்று மணி நேரமாக ஒரு ரெய்ஸும் செய்யாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் ரிவரில் திடீரென ஏற்றினால் மட்டும் எந்தச் சஞ்சலமும் இல்லாமல் சீட்டைத் தள்ளிவிடுங்கள்.

பழகுவதற்கு

ஆட்டம் முடிந்ததும் தோற்ற கைகளைப் பற்றிப் புலம்பாமல், வென்ற கைகளைக் குறித்துவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் போதும்: ரிவரில் கட்டினீர்களா, எதிராளி எதைக் காட்டினார், அதே சீட்டோடு அவர் இன்னொரு பெட்டுக்குக் கால் செய்திருப்பாரா. மூன்றாவதற்கு "ஆம்" என்று விழும் இடங்களைக் கூட்டி 8-ஆல் பெருக்குங்கள். பத்து ஆட்டத்தில் நான்கைந்து வந்தால் அடுத்த முறை ரிவரில் எதிராளி செக் செய்ததும் கை தானாகச் சிப்பை நோக்கிப் போகும்.